ரயிலை மறிக்கும் முன்னால்
(சேரன்மகாதேவி விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கும் தேதியை எழுத்தில் கொடுங்கள் என்று மனு மேல் மனு கொடுத்தோம். "பார்க்கலாம்" என்பதே பதில். விதைநெல் வாங்கி வைத்திருக்கிறவன் எத்தனை நாள் பார்ப்பான்? அதனால்தான் ரயில் மறியல் என்ற பேச்சு வந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, செங்கோட்டை பாசஞ்சர்ல போறவன் எல்லாம் நம்ம ஆளுகதானே? ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி என்ன பாவம் செஞ்சான்?" நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டோம்.

1974-ஐப் பாருங்கள். மே 8-ந் தேதி நாடு முழுக்க சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். போனஸ் வேண்டும், எஞ்சின் ஓட்டுகிறவனுக்கும் 8 மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டார்கள். திடீரென்று நிறுத்தவில்லை, ஏப்ரலிலேயே நோட்டீஸ் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை முடியும் முன்பே, மே 2-ந் தேதி, தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பிடித்து உள்ளே போட்டது அரசாங்கம். பேச வந்தவனைப் பிடித்துவிட்டு, பயணிகள் அவதிக்குத் தொழிலாளிதான் காரணம் என்றால் எப்படி? ஆயிரக்கணக்கானோர் ஜெயிலுக்குப் போனார்கள், வேலையும் போனது. 20 நாளில் வாபஸ். கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் 1977-ல் ஆட்சி மாறியதும் வேலை போனவர்களைத் திரும்ப எடுத்தார்கள். 1979-ல் போனஸும் வந்தது. தீபாவளி நெருங்கினால் 78 நாள் போனஸ் என்று பேப்பரில் பார்க்கிறோமே, அதுதான். (நமக்கு போனஸும் கிடையாது, லீவும் கிடையாது. அது வேற கதை.)

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அவர்கள் தங்கள் வேலையை நிறுத்தினார்கள். நாம் தண்டவாளத்தில் உட்கார்ந்தால் அடுத்தவன் வேலையை நிறுத்துகிறோம். நாம் நம்ம வேலையை நிறுத்தினாலோ மறுநாள் ஒருத்தனுக்கும் தெரியாது, அதுதான் நம்ம கஷ்டம். ரயில்வே சட்டம் 174-வது பிரிவில் 2 வருஷம் வரை ஜெயில் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

அதனால் சங்கம் எடுத்த முடிவு இது. முதலில் பேச்சுவார்த்தை. ஒரு ஆளை நம்பி அனுப்ப மாட்டோம், கன்னடியன் கால்வாயிலிருந்து ஸ்ரீவைகுண்டம் கடைமடை வரை அணைக்கட்டுக்கு இரண்டு பேர். வாய்ப்பேச்சு வேண்டாம், தேதி எழுத்தில் வேண்டும். கிடைக்காவிட்டால் மறியல்தான். அதற்கு 10 நாள் முன்பே ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பயணிகளுக்கு நோட்டீஸ் கொடுப்போம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காகக் காலை வண்டியை விட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கூடுகிறோம். தீர்வை ரசீது இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். "நீ யாரு?" என்று கேட்டால் காட்டலாம்.