பெருமிதம் என்னும் மெய்ப்பாடும் கிரகரி பெக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடிய அவையில், தமிழ் கற்பிக்கும் ஒருத்தி அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஒருவரைப் பற்றிப் பேச எழுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் நகையையும் அழுகையையும் அச்சத்தையும் வெகுளியையும் உடலிற் காட்டுதல் நடிகர்க்கு ஓரளவு எளிது. சொல்லிற் காட்டுதல் கவிஞர்க்கும் எளிது. பெருமிதம் அப்படிப்பட்டதன்று. சற்று மிகுந்தால் அது செருக்காகத் தோன்றும். சற்றுக் குறைந்தால் உணர்ச்சியற்ற மரமாகத் தோன்றும். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள் என்கிறார் தொல்காப்பியர். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம், இந்நான்கும் ஒருவர் மெய்யில் எவ்வாறு படும் என்று மாணவர்க்குக் காட்ட ஒரு முகத்தைத் தேடுவேன். அவ்வாறு தேடியபோது எனக்குக் கிடைத்த முகம் கிரகரி பெக்.

முதலில் கல்வியைக் காண்போம். எல்ட்ரெட் கிரகரி பெக் 1916 ஏப்ரல் 5 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த லா ஹோயாவில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். பெற்றோர் மணமுறிவு பெற்றபோது பெக் சிறு குழந்தை. தாய்வழிப் பாட்டியே அவரை வளர்த்தார். வாரந்தோறும் படம் பார்க்க அழைத்துச் சென்றவரும் அந்தப் பாட்டிதான். பத்து வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த இராணுவப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாட்டி மறைந்தார். பிறகு பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். உணவுக்காக மாணவியர் விடுதியொன்றின் சமையலறையில் வேலை பார்த்தார். படகுப் போட்டி அணியில் துடுப்பு வலித்தார். அங்கேதான் மேடை ஏறினார்.

அதன் பின் நியூயார்க்கு சென்று, நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் என்னும் நாடகப் பள்ளியில் சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் நடிப்புக் கற்றார். கையில் காசில்லாமல் சென்ட்ரல் பூங்காவில் படுத்துறங்கிய இரவுகளும் உண்டு. மார்த்தா கிரகாம் நடத்திய நடன வகுப்பில் முதுகில் ஏற்பட்ட காயமே இரண்டாம் உலகப் போரில் படையில் சேராதபடி அவரைத் தடுத்தது. 1942இல் பிராட்வே மேடை. 1944இல் முதல் திரைப்படம். அதே ஆண்டு வெளிவந்த 'தி கீஸ் ஆஃப் தி கிங்டம்' படத்தில் சீனத்தில் தொண்டாற்றும் பாதிரியாராக நடித்து, ஆஸ்கார் விருதுப் பரிந்துரையில் இடம்பெற்றார். திரைக்கு வந்த தொடக்கக் காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதைக் கருத வேண்டும்.

அடுத்தது தறுகண், அஞ்சாமை. அக்காலத்து ஹாலிவுட்டில் நடிகர்கள் ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஒரே நிறுவனத்திற்குக் கட்டுண்டு கிடப்பது வழக்கம். எந்தப் படத்தில் நடிப்பது என்பதையும் நிறுவனமே முடிவு செய்யும். புதியவரான பெக் அத்தகைய முழு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். பல நிறுவனங்களுக்கும் படம் செய்யும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1947இல் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' படத்தில், யூதர்மீது படித்தவர்கள் காட்டும் நாகரிகமான வெறுப்பை அறிய, தம்மை யூதர் என்று சொல்லிக்கொள்ளும் எழுத்தாளராக நடித்தார். அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதை அது பெற்றது. அதே ஆண்டில்தான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று ஹாலிவுட்டில் பொதுவுடைமையாளர்களைத் தேடிப் புறப்பட்டது. பலர் வாய்மூடி நின்ற காலத்தில், அவ்விசாரணையை எதிர்த்த மடலில் பெக் கையெழுத்திட்டார்.

திரையிலும் அவருடைய அஞ்சாமை வெறும் துப்பாக்கி வீரமாக இல்லை. 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை' (1949) படத்தில் சோர்ந்துபோன விமானப் படையணியைக் கடுமையால் நிமிர்த்தும் தளபதியாக வருகிறார். இறுதியில் அந்தக் கடுமையான மனிதரே விமானத்தில் ஏற முடியாமல் உறைந்து போகிறார். 'தி கன்ஃபைட்டர்' (1950) படத்தில், தன் புகழே தனக்குப் பகையாகிவிட்ட, முதுமையை நோக்கிச் செல்லும் துப்பாக்கி வீரன். வீரத்தைப் பாடும் நாம், வீரன் அதற்குக் கொடுக்கும் விலையையும் பாட வேண்டும் என்பதை இவ்விரு படங்களும் உணர்த்துகின்றன.

மூன்றாவது இசைமை. இசை என்ற சொல்லுக்குப் புகழ் என்றும் ஒலி என்றும் பொருள் உண்டு. பெக்கின் புகழில் பாதி அவருடைய குரலுக்கு உரியது. ஆழ்ந்த, அவசரமில்லாத குரல். அந்தக் குரல் தன் முழுப் பொருளையும் பெற்ற படம் 1962இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட நாவலை ராபர்ட் மல்லிகன் இயக்கினார். 1930களின் அலபாமா. செய்யாத குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்தவருக்காக வழக்காடும் ஆட்டிகஸ் ஃபின்ச் என்ற வழக்கறிஞர் வேடம் பெக்கிற்கு. நாவலாசிரியரின் தந்தை அமாசா லீயும் வழக்கறிஞரே. மன்ரோவில் என்னும் சிற்றூருக்குச் சென்று பெக் அவரைச் சந்தித்தார். படம் வெளிவருமுன் 1962இல் அம்முதியவர் மறைந்தார். அவருடைய சட்டைப்பைக் கடிகையை ஹார்ப்பர் லீ பெக்கிற்கு அளித்தார். 1963 ஏப்ரல் 8 அன்று சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெறச் சென்றபோது அக்கடிகை பெக்கிடம் இருந்தது. நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் கிட்டாத விருது, ஐந்தாம் முறை கிட்டியது.

அந்தப் படத்தில் ஒரு காட்சியை மட்டும் உங்கள்முன் வைக்கிறேன். வழக்கில் ஆட்டிகஸ் தோற்றுவிடுகிறார். நீதிமன்றம் காலியாகிறது. அவர் தம் தாள்களை எடுத்துப் பையில் வைக்கிறார். மேல்மாடத்தில் அமர்ந்திருந்த கறுப்பின மக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நிற்கிறார்கள். அவரோ நிமிர்ந்து பார்க்கவில்லை, நடந்து வெளியேறுகிறார். தமக்குக் கிடைத்த மரியாதையை அறியாமலேயே போகும் அந்த நடையில்தான், நான் தேடிய மெய்ப்பாட்டைக் கண்டேன். அங்கே உரை இல்லை, கண்ணீர் இல்லை. பெருமிதம் அவருடைய தோள்களில் மட்டும் இருக்கிறது.

நான்காவது கொடை. 'ரோமன் ஹாலிடே' (1953) படத்தில் பெக்கின் பெயர் மட்டுமே தலைப்புக்கு மேலே வர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆட்ரி ஹெப்பர்ன் அப்போது அமெரிக்கத் திரைக்குப் புதியவர். படப்பிடிப்பின்போதே அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்ட பெக், அந்தப் பெண்ணின் பெயரும் தம் பெயருக்கு இணையாக வர வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாறே வந்தது, ஆட்ரி அப்படத்திற்காக ஆஸ்கார் விருதும் பெற்றார். பொருளைக் கொடுப்பது கொடை. தன் பெயருக்குரிய இடத்தைப் பகிர்ந்துகொள்வது அதனினும் அரிய கொடை. அரங்கங்களில் பெயர் வரிசை பார்க்கும் நாம் அறியாததன்று இது.

திரைப்படக் கலைக் கழகத்தின் தலைவராக 1967 முதல் 1970 வரை அவர் பணியாற்றினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபோது, ஆஸ்கார் விழா இரண்டு நாள் தள்ளி வைக்கப்பட்டது அவர் தலைமையில்தான். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் முதல் தலைவராகவும், புற்றுநோய்ச் சங்கத்தின் தேசியத் தலைவராகவும் தொண்டாற்றினார். 1969இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவருக்கு விடுதலைப் பதக்கம் அளித்தார். அடுத்து வந்த நிக்சனின் ஆட்சியில் எதிரிகள் பட்டியலிலும் பெக் இடம்பெற்றார். இரண்டையும் விருதாகவே நான் எண்ணுகிறேன்.

நம் மண்ணுக்கு அருகிலும் அவர் வந்து சென்றார். 1954இல் வெளிவந்த 'தி பர்ப்பிள் ப்ளெய்ன்' பர்மாவில் நிகழும் கதையாயினும் இலங்கையில் படமாக்கப்பட்டது. பின்னாளில் 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) இந்தியத் திரையரங்குகளில் பெற்ற வரவேற்பை மூத்தோர் அறிவர்.

அவையோரே, புகழ்ந்து மட்டும் பேசிச் செல்வது ஆய்வாளர்க்கு அழகன்று. பெக்கின் மீது இரண்டு குறைகள் கூறப்படுவதுண்டு. முதலாவது, அவர் அசைவற்றவர், நல்லவர் வேடத்திற்கே பொருந்துபவர் என்பது. ஓரளவு உண்மைதான். நாற்பது வயதை எட்டாத நிலையில் 'மோபி டிக்' படத்தில் வெறிகொண்ட கப்பல் தலைவனாக நடித்தபோது, அந்த வெறி அவரிடம் முழுமையாகக் கூடிவரவில்லை. வில்லன்களாகச் சில படங்களில் அவர் முயன்றபோதும் மக்கள் நெஞ்சில் நிலைத்தவர் ஆட்டிகஸே.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. கறுப்பின மக்களின் துயரைச் சொல்லும் கதையில் நடுவில் நிற்பவர் வெள்ளைக்கார வழக்கறிஞர். துயருற்றவர் பேச இடம் குறைவு. இக்குற்றச்சாட்டைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. டாம் ராபின்சனாக நடித்த பிராக் பீட்டர்ஸ் சாட்சிக் கூண்டில் கண்ணீர் விட்டபோது, அவரை நேரே பார்த்தால் தாமும் உடைந்துவிடக்கூடும் என்று அஞ்சித் தம் பார்வையை அவருக்கு அப்பால் செலுத்தியதாகப் பெக் பின்னர் கூறினார். அந்தக் கூண்டில் நிற்பவரின் சில நிமிடங்களே படத்தின் உயிர். நல்லவனைப் பாடும் கவிதையில், அவன் யாருக்காக நல்லவனாக நின்றானோ அவர்கள் ஊமைகளாகி விடுகிறார்களா? வள்ளலைப் பாடும்போது இரவலன் முகம் தெரிகிறதா? பாணனின் பசியையும் கிழிந்த உடையையும் பாடிய பிறகே வள்ளலின் கொடையைப் பாடினர் நம் ஆற்றுப்படைப் புலவர். நம் கவியரங்கங்களில் தலைவர்களைப் பாடுகிறோம், தியாகிகளைப் பாடுகிறோம். மேல்மாடத்தில் எழுந்து நிற்பவர்களை எத்தனை கவிதைகளில் பாடியிருக்கிறோம்? ஒலிபெருக்கி அதிரச் சொல்லும் வீரத்தைப் பெருமிதம் என்று நாமே மயங்கிக் கொள்கிறோமோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

1975இல் மூத்த மகனைப் பறிகொடுத்த துயரையும் தாங்கி, முதுமையிலும் நடித்துக்கொண்டிருந்த பெக் 2003 ஜூன் 12 அன்று, 87ஆம் வயதில் மறைந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அமெரிக்கத் திரையின் தலைசிறந்த நாயகனாக ஆட்டிகஸ் ஃபின்ச்சைத் திரைப்படக் கழகம் அறிவித்திருந்தது. பெக்கின் இறுதி வழிபாட்டில் இரங்கலுரை ஆற்றியவர் பிராக் பீட்டர்ஸ். படத்தில் ஆட்டிகஸ் டாமுக்காகப் பேசினார். நாற்பதாண்டு கழித்து டாமாக நடித்தவர் ஆட்டிகஸுக்காகப் பேசினார்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம், ஆரவாரத்தை விடுத்துப் பெருமிதத்தைப் பாடும் கவிதைகளை இன்னும் பல தர வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.