வெள்ள வரைபடம் மலை உச்சியிலிருந்து தொடங்கட்டும்!

(கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் அதிகாரிகள் ‘தாழ்வான பகுதி’ என்று ஒரு பட்டியல் எடுக்கிறார்கள். எந்தத் தெருவில் தண்ணி நிற்கும், எங்கே மோட்டார் வைக்கணும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போகுது? இதை எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல்தான் என்கிறோம்.

சேலம் கிண்ணம் மாதிரி ஊர். வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம்; சேலம் சுமார் 300 மீட்டர். மேலே கொட்டுகிற மழை சில மணி நேரத்தில் அடிவாரம் வந்துவிடும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. கடலுக்கு இவ்வளவு தூரத்தில் உள்ள ஏற்காட்டில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் சுமார் 24 சென்டிமீட்டர் மழை! மலைப்பாதை சரிந்தது. திருமணிமுத்தாறு பொங்கியது.

மழை பெய்வது இயற்கை. அதைத் தாங்கிப் பிடித்த ஏற்பாட்டைக் கெடுத்தது யார்? சோலைக்காடும், நிழல்மரத்துக் காப்பித் தோட்டமும் மழையை உறிஞ்சி ஓடைக்கு மெல்ல மெல்ல விட்டன. ஓடைகள் கன்னங்குறிச்சி புதுஏரி, மூக்கனேரி போன்ற ஏரிகளை நிரப்பின. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இன்றைக்கு மேலே சரிவை வெட்டிக் கட்டிடம். கீழே ஓடையில் வீட்டுமனை. தண்ணி தன் பாதையைத் தேடி வருது. நாம அதை வெள்ளம் என்கிறோம்!

இதில் விவசாயிக்கு என்ன நட்டம்? திருமணிமுத்தாறு சேலத்தோடு நிற்பதில்லை. நாமக்கல் மாவட்டம் கடந்து நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேருகிறது. நகரத்தில் கான்கிரீட் கால்வாய் கட்டி வெள்ளத்தை வேகமாகத் தள்ளிவிட்டால், சாக்கடையும் சாயக் கழிவும் சேர்ந்து நம்ம வயலில்தான் ஏறும். ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று ஊருக்குச் சோறு போடுகிறவனை மூழ்கடிக்கலாமா?

2007-ல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. அளந்து எல்லை குறிக்கச் சொல்கிறது. ஆனால் அது பொதுப்பணித்துறை வசமிருந்த ஏரிகளுக்கான சட்டம். ஊராட்சிக் குட்டையையும், மலை ஓடையையும் யார் அளப்பது? அளந்தாலும் முதலில் இடிபடுவது குடிசையா, கோடீஸ்வரன் கட்டிடமா?

எனவே நாம் கேட்பது:

1. சேர்வராயன் உச்சி முதல் காவிரி வரை ஒரே வெள்ள வரைபடம் வேண்டும்.

2. பழைய கிராம வரைபடம், புலப்படம், ‘அ’ பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஓடை, வாய்க்கால், கலங்கல் எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும்.

3. அந்தந்த ஊர் விவசாயிகளையும் மலைவாழ் மக்களையும் கூட நடக்கவைத்து அளக்க வேண்டும். தண்ணி வந்த தடம் நமக்குத் தெரியும்.

4. வரைபடத்தைக் கிராமசபையில் வைத்து, ஆட்சேபம் கேட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும்.

5. ஓடைக்கரை ஏழைகளுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே குடிசையில் கை வைக்க வேண்டும்.

காகிதத்தில் ஓடையை அழித்தால் தரையில் ஓடை அழியாது. அடுத்த மழைக்கு முன்னால் அளவுச் சங்கிலி மலை ஏறட்டும்!

ஓடையை மீட்போம்! ஏரியைக் காப்போம்! விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!