கத்திக்குத் தமிழ் தெரியாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சிட்டு ஸ்டிக்கர் வெட்டுறியா?" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆமாம், வெட்டுகிறேன். கடைக் கண்ணாடியிலும் பள்ளி வேனிலும் நீங்கள் பார்க்கிற வினைல் எழுத்துதான் என் தொழில். அதில் உள்ள பொறியியலைக் கொஞ்சம் சொல்கிறேன்.

வினைல் வெட்டும் இயந்திரத்தில் மை கிடையாது. சின்னக் கத்தி ஒன்று, அவ்வளவுதான். அடித்தாளை விட்டுவிட்டு மேலே உள்ள படலத்தை மட்டும் அது கீற வேண்டும். படலத்தின் கனம் பெரும்பாலும் 0.1 மி.மீ.க்கும் குறைவு. கோரல்டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ நாம் போட்ட கோடு போகிற வழியில் கத்தி போகும். அது 'அ'வா 'ஆ'வா என்று கத்திக்குத் தெரியாது. ஆகவே வெட்டுவதற்கு முன் நாம் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, எழுத்தை 'கர்வ்' ஆக்குவது. ஆக்காவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு வேறு முகம் காட்டும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், வெறும் ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். கர்வ் ஆக்கிய பிறகு பிழை திருத்துவது கஷ்டம். அதனால் முதலில் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, வெல்டு. கோரல்டிராவில் அதற்குப் பெயரே அதுதான். நம் பட்டறைச் சொல்! பல எழுத்துருக்களில் 'கி'யின் கொக்கி தனித் துண்டாக வந்து 'க'வின் மேல் ஏறி உட்காரும். திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும். கத்தியோ இரண்டின் விளிம்பிலும் போய் எழுத்தின் நடுவே கீறிவிடும்.

மூன்றாவது, அலங்காரக் கரை. திரையில் எவ்வளவு தடிமன் கொடுத்தாலும் கத்திக்கு அது ஒற்றைக் கோடுதான். கரையைத் தனி வடிவமாக மாற்றினால்தான் அதன் இரு பக்கமும் வெட்டும்.

நான்காவது, நோடுகளைக் குறைப்பது. ஸ்கேன் செய்த எழுத்திலிருந்து தானாகக் கோடு எடுத்தால் ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேல் நோடு வந்து குவியும்; கத்தி திக்கித் திக்கிப் போகும்.

இதெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு: சுழியும் புள்ளியும்.

எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் 1.5 மி.மீ. தடிக்க வைக்கிறோம். 3 மி.மீ. அகலமுள்ள சுழியின் உட்பகுதி அத்தோடு அடைந்துபோகும். அப்புறம் மூணு சுழியா, ரெண்டு சுழியா என்று தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்? திருமண மண்டபம் 'திருமன' மண்டபம் ஆகிவிடும்.

புள்ளி இன்னும் மோசம். வெட்டியபின் வேண்டாத வினைலை உரிக்கும்போது சின்னத் துண்டுதான் முதலில் கூடவே போகும். ஒரு புள்ளி போனால் 'பல் மருத்துவமனை' என்பது 'பல மருத்துவமனை'! சிரிக்கிறீர்கள், பலகைக்குக் காசு கொடுத்த டாக்டர் சிரிக்க மாட்டார். அதனால் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குங்கள். வினைலை மேலே தூக்காமல், பின்பக்கமாக மடித்து, தாளை ஒட்டினாற்போல் மெதுவாக உரியுங்கள். டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டுமுன் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனாலும் ஓலை கிழிந்துவிடும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. அப்படிப்பட்ட ஏடுகளோடு போராடித்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். எழுத்தாணிக்குப் பயந்து விட்ட புள்ளி அச்சில் நிலைபெற்றது. அதை நம் கத்தியால் மறுபடியும் தொலைக்கலாமா?

தம்பி தங்கைகளே, மென்பொருளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வெட்டுமுன் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நீங்கள் படித்தது போதாது. அந்த வேலையில் கை வைக்காத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். இயந்திரத்துக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கத்தான் நாம் இருக்கிறோம்.