சோற்றுக்கு வழி செய்துவிட்டு வந்த சங்கீதம்



கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஓவியம், இசை என்று முழுநேரமாக இறங்கலாமா என்று இங்கே சில தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இதைச் சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "அப்ப சோத்துக்கு?" கலைக்கு அந்தக் கேள்விதான் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டே கலைக்கு வந்தவர் ஒருவர் எங்கள் ஊரில் வாழ்ந்தார்: ஆபிரகாம் பண்டிதர்.

பிறந்தது 1859இல், தெற்கே சாம்பவர்வடகரையில். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி. தஞ்சாவூரில் அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் பள்ளி ஆசிரியர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மாதச் சம்பளம் என்றால் சும்மாவா? 1890இல் அதை விட்டார். விட்ட கையோடு வீணையைத் தூக்கிக்கொண்டு உட்காரவில்லை. சித்த மருந்து தயாரித்து விற்றார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகளுக்கு நல்ல பெயர் வந்தது. நெல்லே கதி என்றிருந்த ஜில்லாவில், ஊருக்கு வெளியே நிலம் வாங்கிக் கரும்பும் மூலிகையும் போட்டார். பிறகு சொந்த அச்சகம்.

மருந்தும் தோட்டமும் சம்பாதித்த காசு இசைக்குப் போனது. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களை வரவழைத்துத் தன் செலவில் மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயிக்குள் சுருதி இருபத்திரண்டு என்று நூல்கள் சொல்ல, இருபத்துநான்கு என்று வாதாடினார். 1916இல் பரோடா மாநாட்டுக்கு மகள்கள் இருவரை வீணையோடு அழைத்துப்போய் அதை நிரூபித்துக் காட்ட முயன்றார். அந்தக் கணக்கு சரியா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. ஒரு ஜமீன்தார் படியளக்கும் இடத்தில் இருந்திருந்தால் இப்படி மல்லுக்கு நின்றிருப்பாரா? 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற அவரது இசை நூல், ஆயிரம் பக்கத்துக்கு மேல், தன் அச்சகத்திலேயே அச்சானது.

உங்கள் துறைக்குப் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்தவர்; 1936இல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அவரும் சக ஓவியர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கித்தான் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தில் இறங்க ஆசைப்படுவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி முடிக்கும்வரை கைக்காசுதான் போகும். தங்க விலை உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர் கடைசியில்தான் வருவார். ஆகவே கையில் முதல் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வீட்டார் விஷயத்துக்கும் வருகிறேன். பண்டிதர் 1919இல் காலமானார். சாகரத்தின் இரண்டாம் பாகம் 1946இல்தான் வந்தது. கொண்டுவந்தவர் பரோடாவில் வீணையோடு நின்ற மகள் மரகதவல்லி. அப்படிப்பட்ட ஆள் வீட்டில் இருந்தால் பாதிக் கவலை விட்டது.

அடுத்து பிள்ளைகளின் பறையாட்டம். மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.