கத்திக்கும் ஒரு நிறம் உண்டு



பழைய வானொலிப் பெட்டியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குமிழைத் திருகத் திருக முதலில் இரைச்சல் வரும். சரியான இடத்தில் நிறுத்தினால் பாட்டு தெளிவாகக் கேட்கும். லேசர் ஒளிக்கும் அப்படி ஒரு குமிழ் இருந்தால் என்ன ஆகும்?

மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரோன் வரை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோன். சிவப்பைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதன் நடுப்பகுதியில்தான் இயற்கை ஓர் இரகசியத்தை வைத்திருக்கிறது. நீர், புரதம், மீத்தேன் என ஒவ்வொன்றின் மூலக்கூறும் தனக்கே உரிய வேகங்களில் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு ஒத்த ஒளியைத்தான் அது விழுங்கும். எந்த ஒளி காணாமல் போனது என்று பார்த்தால், இருப்பது எந்தப் பொருள் என்று சொல்லிவிடலாம். கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போலத்தான்.

இதே உண்மை அறுவைச் சிகிச்சைக்கும் பொருந்தும். இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964ஆம் ஆண்டு கரியமிலவாயு லேசரை உருவாக்கினார். அது மருத்துவர்களின் கத்தியாகவும் ஆனது. ஆனால், அதன் ஒளி 10.6 மைக்ரோனை ஒட்டியே நிற்கும். திசுவில் உள்ள நீரைச் சூடாக்கித்தான் அது வெட்டுகிறது. அந்தச் சூடு அக்கம்பக்கத்துக்கும் பரவக்கூடும். தோலில் இலேசாகக் கருகினால் ஆறிவிடும். மூளையில் கருகினால்? ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பேச்சோ பார்வையோ போய்விடலாம்.

இங்கேதான் குமிழ் தேவைப்பட்டது. ஜான் மேடி 1971ஆம் ஆண்டு முன்மொழிந்த கட்டற்ற எலெக்ட்ரான் லேசர் அதைத் தந்தது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்களை, வடக்கும் தெற்கும் மாறி மாறி அடுக்கிய காந்தங்களுக்கிடையே செலுத்துவார்கள். அவை நெளிந்து ஓடும்போது ஒளி பிறக்கும். எலெக்ட்ரானின் ஆற்றலை மாற்றினால் ஒளியின் அலைநீளமும் மாறும்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இத்தகைய லேசரைக் கொண்டு ஆய்வாளர்கள் பல அலைநீளங்களைச் சோதித்தார்கள். 6.45 மைக்ரோனில் பாட்டு கேட்டது! அந்த ஒளியை நீரோடு புரதமும் விழுங்கியது. புரதத்தின் கட்டுமானம் தளர்ந்ததால் திசு சுத்தமாக வெட்டுப்பட்டது. சுற்றிலும் சேதம் மிகக் குறைவு. 1994ஆம் ஆண்டு இந்த முடிவு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1999 டிசம்பரில் அங்கேயே ஒரு நோயாளியின் மூளைக்கட்டி அறுவைச் சிகிச்சையில் இந்த லேசர் பயன்படுத்தப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? 2008ஆம் ஆண்டு அந்த இயந்திரம் நிறுத்தப்பட்டது. எலெக்ட்ரான் முடுக்கியும் தனிக் கட்டடமும் வேண்டும். இயக்க வல்லுநர் குழு வேண்டும். எத்தனை மருத்துவமனைகளால் அது முடியும்? கத்தி நல்ல கத்திதான். அதைத் தூக்கத்தான் ஆள் இல்லை.

ஆனால், அந்த உழைப்பு வீணாகவில்லை. எந்த நிறம் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அதே 1994ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபெடரிகோ கபாஸோ குழுவினர் குவாண்டம் அடுக்கு லேசரை உருவாக்கினார்கள். அரிசிமணி அளவுள்ள அந்தச் சில்லில், படலங்களின் தடிமனே ஒளியின் அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது. இன்று அது வாயுக்களை இனம் காண உதவுகிறது. அதன் உறவுமுறை லேசர் ஒன்று, 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தியில் மீத்தேனைத் தேடியது.

மோப்பம் பிடிக்கச் சிறிது ஒளி போதும். வெட்டுவதற்கு நொடிக்கும் குறைந்த நேரத்தில் பெரும் ஆற்றல் பாய வேண்டும். அதனால்தான், படிகங்களின் வழியே அலைநீளத்தை மாற்றி 6.45 மைக்ரோனை எட்டும் மேசை அளவுக் கருவிகளை ஆய்வாளர்கள் உருவாக்கிச் சோதித்துள்ளனர்.

கட்டடம் அளவு இயந்திரம் வழியைக் காட்டிவிட்டு ஓய்ந்தது. அந்த வழியில் நடக்கும் சிறிய கருவி சாதாரண மருத்துவமனையின் வாசலுக்கு வரும் நாளில்தான், அந்தக் கண்டுபிடிப்பு முழுமை பெறும்.