கத்தினால் கேட்காது!

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி சொன்னாங்க: "தந்தி மாத்தினது சமுதாயத்தைத்தான். தந்தின்னதும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே வீட்ல ஒப்பாரி!" வாஸ்தவம்தான். ஆனா அந்தத் தந்தி கடல் தாண்டின கதையைக் கேளுங்க.

1858-இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் கம்பி போட்டார்கள். விக்டோரியா மகாராணியின் வாழ்த்து மொத்தம் 98 வார்த்தை. போய்ச் சேர எவ்வளவு நேரம்? 16 மணி நேரம்! பொறுப்பிலிருந்த ஒயிட்ஹவுஸ், வேகம் போதாதென்று சுமார் 2000 வோல்ட் ஏற்றினார். கேட்காத காதில் ஓங்கிக் கத்துற மாதிரி! சில வாரத்தில் கம்பியே செத்துப்போச்சு.

வில்லியம் தாம்சன் வழி வேற. மின்சாரம் கொஞ்சம் போதும், கேட்கிற கருவி கூர்மையா இருக்கணும். சின்னக் கண்ணாடியில் பட்ட ஒளி நகர்வதைப் பார்த்தே சேதி படிக்கும் கருவி செய்தார். செம்பையும் காப்பையும் கனமாக்கி, அளந்து சோதித்துப் போட்ட கம்பி 1866-இல் நிலைத்தது. மின்தடையை அளக்கும் 'ஓம்' அலகுக்குப் பொதுவான அளவுகோல் வந்ததும் அந்தப் பத்தாண்டில், தந்தியின் தேவையால்தான்.

ஆக, குத்துமதிப்பாக இருந்த மின்தொழிலை அளந்து செய்யும் பொறியியலாக்கியது தந்தி. அது இல்லாமல் உங்க வீட்டுக்குத் தந்தி ஏது, ஒப்பாரி ஏது?

இன்னொண்ணும் சொல்லிடறேன். வீட்டிலும் சேதி போய்ச் சேரலைன்னா வோல்ட்டை ஏத்தாதீங்க, காதைத் தீட்டிக்குங்க!