சட்டகத்துக்குள் மறைந்த முகவரி



போன கிழமை எங்கள் வானொலியின் பழைய இணையக் கோப்புகளைத் துப்புரவாக்கினோம். நான் 2003இல் செய்த பக்கங்கள் அகப்பட்டன. மேலே பெயர்ப்பலகை, இடப்பக்கம் நிகழ்ச்சிப் பட்டியல், நடுவில் செய்தி. மூன்றும் தனித்தனிக் கோப்புகள். நாலாவது கோப்பு ஒன்று திரையைப் பிரித்து மூன்றையும் காட்டும். இதுதான் பிரேம், தமிழில் சட்டகம் எனலாம். நெற்ஸ்கேப் உலாவியின் 2ஆம் பதிப்போடு 1996இல் பரவியது.

அந்த நாளில் இது பெரிய வசதி. தொலைபேசி இணைப்பில் நிமிடத்துக்குக் காசு. பட்டியல் ஒருமுறை இறங்கினால் போதும், நடுத்துண்டு மட்டும் மாறும். ஒரு கோப்பைத் திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் பட்டியல் சரியாகிவிடும். வேலையால் வந்து இரவு பதினொரு மணிக்குக் கணினிக்கு முன் குந்துகிற தொண்டனுக்கு வேறென்ன வேண்டும்?

குறை விளங்கியது 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது. தேடப்படுவோரின் பெயர்களை ஊர்வாரியாகப் போட்டிருந்தோம். முல்லைத்தீவுப் பக்கத்தைப் பார்த்த ஓர் அக்கா, மேலே தெரிந்த முகவரியைத் தன் தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அவர் திறக்க வந்தது எங்கள் முகப்பு, இசைநிகழ்ச்சி விளம்பரத்தோடு. "இதில ஒரு பேரும் இல்லையே" என்றாராம் தம்பி. பெயர்களை எடுத்துவிட்டோம் என்று நினைத்து, அக்கா எங்களுக்குத் தொலைபேசியில் அழுதார்.

உள்ளே எந்தப் பக்கம் மாறினாலும் உலாவி காட்டுவது வெளிச் சட்டகத்தின் முகவரியைத்தான். ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 1996இலேயே இதை எச்சரித்து எழுதியிருந்தார், நான் வாசிக்கவில்லை. பேரேட்டில் பக்க எண் இல்லாமல் ஒரு பதிவும் எழுதாத கணக்காளன் நான். அந்தப் பெயர்களை மட்டும் அப்படி விட்டிருக்கிறேன்.

அன்றிரவு ஒவ்வொரு ஊர்ப் பக்கத்தின் நேர் முகவரியையும் தாளில் எழுதி, எழுத்தெழுத்தாக வானொலியில் வாசித்தேன். அப்படி நேரே வந்தவர்களுக்கு நடுத்துண்டு மட்டுந்தான் திறந்தது. பட்டியலும் இல்லை, யாருடைய தளம் என்பதும் இல்லை. ஆனால் பெயர்கள் இருந்தன.

2005இல் சட்டகத்தைக் கழற்றினோம். கீழ்த்துண்டில் வானொலி பாடப் பாடச் செய்தி வாசித்தவர்கள், பக்கம் மாற ஒலி நின்றதென்று ஏசினார்கள். அதிலும் நியாயம் உண்டு. 2014இல் வந்த எச்.ரி.எம்.எல். 5ஆவது தரம் இந்த வகைச் சட்டகத்தையே விலக்கிவிட்டது. பக்கத்துக்குள் இன்னொரு தளத்தின் காணொளியைப் பதிக்கும் ஐபிரேம் மட்டும் இன்றும் புழக்கத்தில் உண்டு.

ஊர்ப் பக்கங்களை நாங்கள் அழிக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்கிறது. தேவையானோர் நிலையத்துக்கு அழையுங்கள். தாளிலும் எடுத்துத் தருவோம்.